மருந்து கையோடு இருக்கட்டும்

உறவினரைக் காணத் தமிழகம் செல்லும் நம்மவரில் நீரிழிவு நோயாளிகள் பலர். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஒப்படைத்த பெட்டி, இறங்கிய ஊரில் வந்து சேராமலும் போகலாம். ஆகவே இன்சுலின், ஊசி, சர்க்கரை அளக்கும் கருவி ஆகியவற்றைக் கைப்பையிலேயே கொண்டு செல்லுங்கள்; மருத்துவர் கடிதமும் உடனிருக்கட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பெட்டிகள் அடுக்கப்படும் அடித்தட்டில் குளிர் மிகுந்தால் இன்சுலின் உறைந்துவிடக்கூடும். உறைந்தது மீண்டும் உருகினாலும் மருந்தாகப் பயன்படாது.

பெட்டி வரவில்லையா? நிலையத்தை விட்டு வெளியேறுமுன் விமான நிறுவனத்தாரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகல் பெறுங்கள். 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்பாட்டின்படி, பெட்டி கைக்கு வந்தபின், சேதத்தை 7 நாளுக்குள்ளும் தாமதத்தை 21 நாளுக்குள்ளும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

இழப்பீட்டுக்குக் காத்திருக்கலாம், இன்சுலினுக்குக் காத்திருக்க முடியாது.