வாழையடி வாழையாக வரும் நோய்

மணமக்களை 'வாழையடி வாழையாக வாழ்க' என்று வாழ்த்துவது நம் மரபு. தாய் வாழை தார் ஈன்று மடிய, அதன் கிழங்கில் கிளைத்த கன்று அவ்விடத்தில் நிமிர்கிறது. ஆனால் வளம் மட்டுமன்று, நோயும் வாழையடி வாழையாக வரும் என்பதை எங்கள் குடும்பம் பட்டே அறிந்தது.

கீழ்ப்பழனி மலையில் எங்களுக்குச் சிறியதொரு விருப்பாச்சித் தோட்டம் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பெயர் பெற்ற மலைவாழை அது. நான் பள்ளியில் படித்தபோது, அப்பா செழிப்பான கன்றுகளாகப் பார்த்து வாங்கி நட்டார். சில மாதங்களில் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நின்றன. தார் வரவில்லை. "மண்ணு கெட்டுப்போச்சு" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மண் குற்றமற்றது என்பதைத் தாவரவியல் வகுப்பில்தான் அறிந்தேன்.

இதன் பெயர் முடிக்கொத்து நோய். காரணம் ஒரு நச்சுயிரி. 1889-இல் பிஜித் தீவில் அறியப்பட்ட இந்நோய், 1940 அளவில் இலங்கையிலிருந்து கேரளத்திற்குள் நுழைந்தது. இதைப் பரப்புவது வாழை அசுவினி என 1920-களில் ஆஸ்திரேலிய அறிஞர் மகீ மெய்ப்பித்தார். 1970-களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த நம் மலைவாழை, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கியதற்கு இந்நோயே பெருங்காரணம்.

இதை எவ்வாறு கண்டறிவது? முதற்கருவி நம் கண்ணே. இலையின் அடிப்புறத்தை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நடுநரம்பை ஒட்டியும் காம்பிலும் கரும்பச்சை நிறத்தில், தந்திக் குறியீடுபோல் புள்ளியும் கோடுமாகக் கீற்றுகள் தெரிந்தால், அது முடிக்கொத்தே.

ஆனால் நச்சுயிரி புகுந்தபின் இக்கீற்றுகள் தோன்ற ஒரு மாதமோ அதற்கு மேலுமோ ஆகலாம். அதுவரை கன்று நலமாகவே காட்சி தரும். அப்பா வாங்கியவை அத்தகைய கன்றுகளே! இங்கேதான் ஆய்வகம் கைகொடுக்கிறது. எலைசா சோதனையில், இலைச்சாற்றிலுள்ள நச்சுயிரியை எதிர்ப்புப் புரதம் பற்றிக்கொள்ள, அதனுடன் இணைத்த நொதி நிறமாற்றத்தால் அதைக் காட்டிக்கொடுக்கிறது. பி.சி.ஆர். முறையோ இன்னும் நுட்பமானது. இந்த நச்சுயிரியின் மரபுப்பொருள் டி.என்.ஏ. ஆகும். அதன் ஒரு பகுதியைப் பல இலட்சம் மடங்கு பெருக்குவதால், மிகச் சிறிதளவு இருந்தாலும் அகப்பட்டுவிடும். 1993-இல் திருச்சியில் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இத்தகைய சோதனைகள் நடைபெறுகின்றன. சோதித்துத் தேறிய திசு வளர்ப்புக் கன்றுகளை நடுவதே பாதுகாப்பு.

நோயுற்ற வாழைக்கு மருந்தில்லை. முதலில் அசுவினியைக் கொன்று, பிறகே கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால், அசுவினிகள் பக்கத்து வாழைக்குப் போய்விடும். அன்று நாங்கள் வெட்டித்தான் எறிந்தோம்.

சென்ற விடுமுறையில், தோட்டத்தோரம் ஓர் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தவர், "இதை நான் பாத்திருக்கேம்மா. வாழையோட நெறம்னுல்ல நெனச்சேன்" என்றார்.

கண்டவர் அவர், அதன் பெயரைக் கற்றவள் நான். கிராமங்களிலிருந்து வந்து பயிலும் தோழர் தோழியரே! அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, ஒரு வாழை இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வீட்டாருக்கும் காட்டுங்கள்.