ஏரி நீருக்கும் காந்தத்துக்கும் என்ன உறவு?

பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? செவ்வாய்க் கோளிலும் ஒரு காலத்தில் இதுபோன்ற ஏரிகள் இருந்தன. 2021-இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசரோ பள்ளம் அப்படிப்பட்ட ஓர் ஏரிதான். இன்று அது வறண்டு கிடக்கிறது. ஏன்?

சூரியன் ஒளியை மட்டும் தருவதில்லை. மின்னேற்றம் பெற்ற துகள்களையும் வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் வீசுகிறது. இதுவே சூரியக் காற்று. பூமியின் வயிற்றில் உருகிய இரும்பு சுழல்வதால் காந்தப் புலம் பிறக்கிறது. அது குடைபோல் நின்று, சூரியக் காற்றின் பெரும் பகுதியை ஒதுக்கிவிடுகிறது.

செவ்வாய் சிறிய கோள், ஈர்ப்பு குறைவு. அதன் காந்தக் குடையும் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. அங்கிருந்து வினாடிக்குச் சுமார் 100 கிராம் காற்று விண்வெளிக்குப் பறிபோவதை மேவன் விண்கலம் கண்டறிந்தது. சூரியப் புயலின்போது இழப்பு இன்னும் கூடுகிறது. காற்று மெலிந்தால் நீர் திரவமாகத் தங்க முடியாதல்லவா?

நம் குடையும் சில வேளைகளில் நலிவதுண்டு. 2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பிய துகள்திரள் ஒன்று பூமியைத் தாக்கியது. அப்போது காஸ்மிக் கதிர்கள் கூடுதலாக உள்ளே புகுந்தன. அவை காற்றில் மோதும்போது மியூவான் என்னும் துகள்கள் உண்டாகும். உதகமண்டலத்திலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் சுமார் இரண்டு மணி நேரம் மியூவான்கள் பெருகியதைப் பதிவு செய்தது. அஞ்ச வேண்டாம்! அடர்ந்த காற்று மண்டலம் நமக்கு இரண்டாவது குடை.

காந்தம் மட்டுமே எல்லாம் என்று எண்ணிவிடாதீர்கள். வெள்ளிக்குத் தனக்கெனக் காந்தப் புலம் இல்லை. ஆயினும் கனத்த காற்று இருக்கிறது. கோளின் ஈர்ப்பும் விண்மீனின் குணமும் முக்கியமே.

4.2 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரியைப் பாருங்கள். அதைச் சுற்றும் கோள் ஒன்று 2016-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நீர் திரவமாக இருக்கத்தக்க வெப்பம் கிட்டும் தொலைவில்தான் அது சுற்றுகிறது. ஆனால் அந்தத் தொலைவு பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியில் இருபதில் ஒரு பங்கே! விண்மீனோ அடிக்கடி சீறி வெடிப்பது. அங்கே ஏரி உண்டா என்று கேட்குமுன், குடை உண்டா என்று கேட்க வேண்டும்.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ உங்கள் வீட்டில் ஒரு சட்டக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அதை வடக்கு தெற்காகத் திருப்பி நிறுத்துவது அந்தக் குடையேதான்!