தெற்கு டிரோல்: இரண்டாம் முறை சரியாக அமைந்த சட்டம்

இத்தாலியின் வசதியான மாகாணங்களில் ஒன்று, ஆல்ப்ஸ் மலைச்சரிவில் இருக்கும் தெற்கு டிரோல். அங்கே பெரும்பான்மையோரின் தாய்மொழி ஜெர்மன். முதல் உலகப்போரில் தோற்ற ஆஸ்திரியா, 1919 உடன்படிக்கையில் இந்தப் பகுதியை இத்தாலியிடம் இழந்தது. முசோலினி ஆட்சியில் ஜெர்மன் பள்ளிகள் மூடப்பட்டன. ஊர்ப்பெயர்கள்கூட இத்தாலியப் பெயர்களாயின.

1946 செப்டம்பரில் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் குரூபரும் இத்தாலியப் பிரதமர் டி காஸ்பெரியும் பாரிசில் ஓர் உடன்பாடு செய்தார்கள். அதன்படி 1948-இல் தன்னாட்சிச் சட்டமும் வந்தது. ஆனால் சூட்சுமம் எல்லையில் இருந்தது. முக்கிய அதிகாரங்கள் தெற்கு டிரோலுக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து டிரென்டோவையும் சேர்த்து உருவாக்கிய மண்டலத்துக்குப் போயின. அந்த மண்டலத்தில் இத்தாலிய மொழியினரே அதிகம். (டி காஸ்பெரி டிரென்டோ பக்கத்துக்காரர்!) தன்னாட்சி பெற்றவர்கள் தங்கள் அவையிலேயே சிறுபான்மையானார்கள்.

1957-இல் சிக்மண்ட்ஸ்க்ரோன் கோட்டையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு, ‘டிரென்டோவை விட்டு விலகுவோம்’ என்று முழங்கினார்கள். தலைமை தாங்கியவர், போரில் ஒரு காலை இழந்த சில்வியுஸ் மாக்னாகோ. 1960-இல் ஆஸ்திரியா பிரச்சினையை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. மறு ஆண்டு ஜூனில் ஒரே இரவில் பல மின்கோபுரங்கள் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டன. இழுபறிக்குப் பிறகு, 1969-இல் 137 அம்சங்கள் கொண்ட தீர்வுத் திட்டத்தை மாக்னாகோவின் கட்சி குறுகிய பெரும்பான்மையில் ஏற்றது. 1972-இல் வந்த புதிய சட்டம் அதிகாரங்களை நேராக மாகாணத்துக்கே மாற்றியது.

இந்தச் சட்டத்துக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் தகுதி உண்டு. சாதாரணப் பெரும்பான்மையில் ரோம் அதைத் திருத்திவிட முடியாது. அதைச் செயல்படுத்தும் விதிகளை ஆறு பேர் குழு ஆராய்கிறது: அரசின் சார்பில் மூவர், மாகாணத்தின் சார்பில் மூவர். பின்னால் ஆஸ்திரியாவும் 1946 உடன்பாடும் நிற்கின்றன. ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கட்டலோனியாவுக்கு அப்படியொரு பின்பலம் இல்லை. 2006-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட அதன் தன்னாட்சிச் சட்டத்தில் 14 பிரிவுகளை, முழுமையாகவோ பகுதியாகவோ, 2010-இல் ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதென்றது.

தெற்கு டிரோலின் ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. அரசுப் பணிகள் மொழிவாரி விகிதத்தில் பங்கிடப்படுவதால், அவற்றுக்கு விண்ணப்பிப்பவர் தம் மொழிப்பிரிவை அறிவிக்க வேண்டும். அம்மா இத்தாலியம், அப்பா ஜெர்மன் என்றிருக்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டும். பள்ளிகளும் மொழிவாரியாகவே தனித்தனி. இந்தக் கெடுபிடி தளர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனாலும் தகராறு தீர்ந்தது என்று 1992-இல் ஐ.நா.வுக்கு அறிவித்தது, புகார் கொண்டுபோன அதே ஆஸ்திரியாதான்.