முன்பாரமும் பின்பாரமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்தியானா மாகாணத்தைச் சேர்ந்த எல்கார்ட் என்ற ஊரைச் சுற்றி, மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் பிரயாண வீடுகளைச் செய்யும் தொழிற்சாலைகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. படுக்கை, அடுப்பு, குளியலறை, ஜன்னல் திரை எல்லாம் முடிந்து கடைக்கு வரும் அந்த வீடுகளை வாங்கப் பொருள் வசதி இல்லாதவர்களும், வசதி இருந்தும் தம் கையால் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையை விட முடியாதவர்களும், கொஞ்ச காலமாக வேறொரு வண்டியை நாடிப் போகிறார்கள். அது சரக்கு டிரெய்லர். கொத்தனாரும் தோட்டக்காரரும் தம் கருவிகளைப் போட்டுப் பூட்டிக்கொண்டு போவதற்காகச் செய்யப்படும் வெறும் பெட்டி அது: எஃகு விலாச் சட்டங்களின்மேல் மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட் சுவரும் தரையும், பின்புறம் இரட்டைக் கதவு, அடியில் ஓர் அச்சும் இரண்டு சக்கரங்களும், முன்னால் நீண்டு நிற்கும் இணைப்புக் கால். ஆறடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உள்ள அளவைப் பலரும் விரும்பி வாங்குகிறார்கள்.

ஆறுக்குப் பன்னிரண்டு என்பது எவ்வளவு இடம்? 1926-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக்கலை நிபுணரான மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற அம்மையார், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வகுத்தார். பிராங்பர்ட் சமையலறை என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற அதன் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் எல்லாம் அமைந்திருப்பதைப் பார்த்து அதையே முன்மாதிரியாகக் கொண்டவர் அவர். குடும்பத் தலைவி எத்தனை அடி எடுத்து வைக்கிறாள் என்பதையெல்லாம் கணக்கிட்டு, மாவுக்கும் அரிசிக்கும் மூக்கு வைத்த அலுமினியச் சிற்றறைகள்கூட அமைத்தார். நம் டிரெய்லரின் வெளி அளவு 1.83 மீட்டருக்கு 3.66 மீட்டர். அன்று சமையலுக்கு மாத்திரம் போதும் என்று ஒதுக்கிய இடத்துக்குள் இன்று இரண்டு பேர் உண்ணவும் உறங்கவும், தண்ணீரும் மின்கலமும் குளிருடையும் மீன்பிடி தூண்டிலும் சேர்த்து வைக்கவும் வேண்டியிருக்கிறது. ரயில் பெட்டியிலிருந்து வீட்டுக்குள் வந்த யோசனை சுற்றிவந்து மறுபடியும் சக்கரத்தின்மேலேயே ஏறிக்கொண்டது வேடிக்கைதான்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அநேகமாக முதலில் கையில் எடுப்பது அளவு நாடாவை. எந்த மூலையில் எத்தனை அங்குலம் மிச்சம், அங்கே என்ன அலமாரி புகும் என்று வரைந்து வரைந்து தாள்களை நிரப்புகிறார்கள். ஆனால் ஓடும் வீட்டில் ஒரு சாமானின் இடத்தை முதலாவதாக நிர்ணயிப்பது அதன் எடை. அது எந்த வேளையில் தேவைப்படும் என்பது இரண்டாவது. எங்கே புகும் என்ற கேள்வி மூன்றாவதாகத்தான் வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களின் அலமாரிகள் பார்வைக்கு வெகு லட்சணமாக இருக்கும். வண்டிதான் நேராக ஓடாது.

நம் மாட்டு வண்டிக்காரர்கள் மூட்டை அடுக்கும்போது 'முன்பாரம்', 'பின்பாரம்' என்று இரண்டு சொற்களில் இந்தச் சாஸ்திரத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். முன்பாரமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு தொண்டையைப் பிடிக்கும். ஒற்றை அச்சு டிரெய்லரும் அதே துலாக்கோல்தான். ஆயினும் மாட்டு வண்டிக்காரன் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக வைத்து மாட்டுக்குச் சிரமம் குறைக்கப் பார்ப்பான். மணிக்கு நூறு கிலோமீட்டர் ஓடவேண்டிய டிரெய்லருக்கோ முன்பாரம் கட்டாயம் வேண்டும். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரையில் முன்னால் இணைப்பின்மேல் இறங்கியிருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வழக்கமான பிரமாணம்.

அதன் காரணத்தை ஒரு பொம்மையைக்கொண்டே பார்த்துவிடலாம். ஓடும் பட்டையின்மேல் சிறிய மோட்டார் பொம்மையும் அதன் பின்னால் ஒரு டிரெய்லரும் நிறுத்தி, டிரெய்லரில் நகர்த்தி வைக்கக்கூடிய எடைக் கற்களை முன்புறமாக வைத்து, வாலை விரலால் ஒரு தட்டுத் தட்டினால், அது இரண்டு முறை ஆடிவிட்டுத் தானே அடங்கிவிடும். அதே கற்களைப் பின்புறம் மாற்றி வைத்து அதே தட்டுத் தட்டினால், ஆட்டம் அடங்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு வீச்சுக்கும் பெருகிக்கொண்டே போய், முடிவில் வால் தலையையே திருப்பி வீசிவிடும். வேகம் கூடக்கூட ஆட்டத்தை அடக்கும் டயர்களின் சக்தி குறைகிறது. பின்பாரம் அந்தக் குறைவை இன்னும் சீக்கிரத்தில் கொண்டுவந்து விடுகிறது. நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று பக்கத்தில் சீறிக் கடக்கும்போது எழும் காற்றே அந்த விரல் தட்டு.

இனி ஒரு கணக்கு. தண்ணீர் இல்லாமல் நம் டிரெய்லர் 1,100 கிலோ என்றும், இணைப்பின்மேல் 130 கிலோ இறங்குகிறது என்றும், இணைப்புக்கும் அச்சுக்கும் மூன்றரை மீட்டர் தூரம் என்றும் வைத்துக்கொள்வோம். இது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு, திருப்தியான நிலை. 100 லிட்டர் தொட்டி ஒன்றைக் கழுவு தொட்டிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் வைத்து நிரப்பினால், முன்னால் ஏறக்குறைய 29 கிலோ தூக்கப்பட்டு 101 கிலோதான் மிஞ்சும். மொத்த எடை 1,200 ஆகிவிட்டதால் பங்கு எட்டரைக்குள் விழுந்துவிடுகிறது. அதே தொட்டி ஒரு மீட்டர் முன்னால் இருந்தால் பங்கு பதின்மூன்றுக்குச் சற்று மேல். அச்சுக்கு நேர்மேலே இருந்தால் பத்தே முக்கால். மூன்றும் ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். விசேஷம் என்னவென்றால், தண்ணீர் பிரயாணத்தின் நடுவே தீர்ந்துபோகும் சரக்கு. காலையில் புறப்பட்ட வண்டியும் மூன்றாம் நாள் மாலை திரும்புகிற வண்டியும் பாரத்தைப் பொறுத்தமட்டில் வெவ்வேறு வண்டிகள். அச்சுக்கு அருகே தொட்டியை அமைத்தவனுக்கு இந்த வித்தியாசம் மிகக் குறைவு.

முன்பாரம் சரியாக இருந்தால் போதும் என்று, கனமான கருவிப் பெட்டியைப் பின்கோடியிலும் அதை ஈடுகட்ட மின்கலங்களை முன்கோடியிலும் வைக்கிற சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். தராசு அவர்களுக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். ஆனால் இரு முனைகளிலும் எடை கட்டிய நீண்ட கோலைச் சுழற்றிப் பாருங்கள். தொடங்கவும் சிரமம், நிறுத்தவும் சிரமம். பாரத்தை நடுவில் திரட்டிய வண்டி ஆட ஆரம்பித்தாலும் சட்டென்று அடங்கும். முனைகளில் பிரித்து வைத்த வண்டி எளிதில் அடங்காது.

படுக்கை விஷயத்தில் ஒரு தர்மசங்கடம் உண்டு. இருவர் படுக்கும் மெத்தை இரண்டரைச் சதுர மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கிறது. அதாவது வீட்டில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே அதை அரை மீட்டர் உயர்த்திக் கட்டினால் அடியில் ஒன்றேகால் கன மீட்டர் அறை கிடைக்கிறது; வண்டி முழுவதிலும் இதைவிடப் பெரிய அறை கிடையாது. பின்கதவைத் திறந்தவுடன் கை எட்டுகிற சௌகரியத்துக்காகப் படுக்கையைப் பின்னால் அமைப்பவர்கள் அநேகர். அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் அவ்வளவு பெரிய வாயைத் திறந்து வைத்தால் இரும்பெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மடக்கு நாற்காலி, போர்வை, குளிருடை, கூடாரத் துணி என்று பருமன் பெரிதாகவும் பாரம் சிறிதாகவும் உள்ளவற்றுக்கே அந்த அறையை விட வேண்டும். தகர டப்பா உணவும் கருவிகளும் அச்சின் இருபக்கச் சுவரோரம், தரையோடு தரையாக இருக்க வேண்டும். மேலே தலைக்கு எட்டும் பரண்களில் ரொட்டியும் காகிதமும் துணியும் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

ஒற்றை அச்சு வண்டிகள் பலவற்றின் தகட்டில் மொத்த எடை 2,990 பவுண்டு, அதாவது 1,356 கிலோ, என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். 3,000 பவுண்டைத் தொட்டால் பல மாகாணங்களில் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று சட்டம் இருப்பதே இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம். இந்த வரம்புக்குள் அலமாரியின் சொந்த எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை முக்கால் அங்குலம் என்றால் ஏறக்குறைய 30 கிலோ. அரை அங்குலம் என்றால் 20. பத்துப் பலகை செலவாகும் வேலையில் கனத்தைக் குறைத்தால் மிஞ்சுவது ஒரு தொட்டித் தண்ணீர். நூறு ஆம்பியர்-மணி ஈய மின்கலம் 30 கிலோ அளவில் இருக்க, லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் அதில் பாதிகூட இல்லை. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றம் செய்யக் கூடாதாகையால் அது வீட்டுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும்.

வண்டி ஓடும்போது அலமாரிக்குள் நடப்பதை யாரும் நேரில் பார்ப்பதில்லை. நின்ற பிறகுதான் தெரிகிறது. லாரிச் சரக்கைக் கட்டுவதற்கான அமெரிக்க மத்திய விதி, முன்நோக்கிப் புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கும், பக்கவாட்டில் ஐந்து பங்கும் தாங்குமாறு கட்ட வேண்டும் என்கிறது. நம் வீட்டு வண்டிக்கும் இதையே அளவுகோலாகக் கொள்ளலாம். பத்துக் கிலோ இரும்புச் சட்டி நிரம்பிய இழுப்பறை, பிரேக்கை அழுத்தும் கணத்தில் எட்டுக் கிலோ விசையோடு முன்னால் பாயும். ஆகையால் முன்புறம் பார்த்துத் திறக்கும் இழுப்பறையைப் போல ஆபத்தானது வேறில்லை. நடைபாதையை நோக்கிப் பக்கவாட்டில் திறப்பது தேவலை. கடைகளில் விற்கும் காந்தப் பிடிகள் இந்த விசைக்கு ஈடுகொடுப்பதில்லை. படகுத் தச்சர்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஓர் உபாயம் இங்கே மிகப் பொருத்தம்: இழுப்பறையின் அடிப்பலகையில் முன்னோரமாக விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு; மூடியதும் அந்த வெட்டு சட்டத்தின்மேல் 'டக்' என்று இறங்கி உட்கார்ந்துவிடும். திறப்பதற்குச் சற்றே தூக்கி இழுக்க வேண்டும். உள்ளே பாரம் கூடக்கூடப் பிடியும் கூடும். செலவு ஒரு காசும் இல்லை.

மற்றொரு குறும்பு, அதிர்ச்சியினுடையது. பல அளவுச் சாமான்களை ஒரே அறையில் போட்டுக் குலுக்கினால் பெரியவை மேலே மிதக்கும், சிறியவை இடுக்குகளில் நழுவி அடியில் போய்ச் சேரும். கொட்டைகள் கலந்த டப்பாவில் பெரிய பிரேசில் கொட்டை மேலே வருவதால் பௌதிக நூலார் அதன் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்குத் தேடும் சிறு திருகாணி எப்போதும் அறையின் அடியிலேயே அகப்படுவது நம் துரதிர்ஷ்டத்தால் அல்ல. தடுப்புகள் வைத்து அளவுவாரியாகப் பிரித்தால் இது தீர்ந்தது. திருகாணிகளுக்கே ஏற்படும் தளர்ச்சி வேறு விஷயம். ஜெர்மானிய எஞ்சினீயரான கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நெடுக்கு அதிர்ச்சியைவிடக் குறுக்கு அதிர்ச்சியே நட்டுகளை விரைவில் கழற்றுகிறது என்று காட்டினார். அதனால் அலமாரிச் சட்டங்களைப் பசையிட்டுத் திருகி, போல்ட்டுகளுக்கு உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளையே போடுகிறார்கள். சுவரில் மாட்டும் எதையும் மெல்லிய பலகையை நம்பி மாட்டாமல், ஒரு காந்தத்தைச் சுவரோடு தேய்த்துக்கொண்டே போய், அது பிடித்துக்கொள்ளும் இடத்தில் எஃகு விலா இருப்பதை அறிந்து அங்கே திருக வேண்டும்.

அந்த விலாக்கள் குளிர்காலத்தில் சத்துருவாகவும் மாறுகின்றன. மரத்தைப் போல் சில நூறு மடங்கு வேகத்தில் எஃகு வெப்பத்தைக் கடத்திவிடுகிறது. இருவர் உறங்கும் பெட்டியில் மூச்சோடும் வியர்வையோடும் ஓர் இரவில் சில தம்ளர் ஜலம் ஆவியாகிறது. உள்ளே இருபது டிகிரியும் நூற்றுக்கு அறுபது ஈரமும் இருக்கையில், பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பரப்பில் பனி பூக்கத் தொடங்கிவிடும். வெளிச்சுவரை ஒட்டிக் கட்டி இறுக மூடிய அலமாரியைவிட அதற்குத் தோதான இடம் ஏது? வசந்த காலத்தில் கதவைத் திறந்தால் பூஞ்சையின் வாடை. அலமாரியின் பின்பலகையைச் சுவரிலிருந்து இரு விரல் தள்ளி வைத்து, கதவில் துளையிட்டு, மெத்தைக்கு அடியில் பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்ட கட்டைகளைப் போட்டால் காற்று உலாவும். சமையல் வாயு உருளையை மட்டும் எந்த அலமாரியிலும் வைக்கக் கூடாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தேங்கிப் பொறிக்காகக் காத்திருக்கும். அதன் இடம் வெளியே, இணைப்புக் காலின்மேல்.

முன்பாரத்தை வீட்டிலேயே நிறுத்துப் பார்க்க, குளியலறை எடைப்பொறி ஒன்றும் ஒரு கட்டையும் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, எடைப்பொறிக்கு மூன்றடி தள்ளி அதே உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, இரண்டுக்கும் மேலாகக் கட்டையைப் பாலம்போல் போட்டு, செங்கலிலிருந்து ஓரடியில் இணைப்பை இறக்கினால், பொறி காட்டுவது மூன்றில் ஒரு பங்கு. கட்டையின் எடையை முன்பே கழித்துவிட வேண்டும். ஐம்பது காட்டினால் நூற்றைம்பது. மொத்த எடைக்கு நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிலையங்களில் எடைமேடை இருக்கிறது. வரம்பைச் சொல்லும் தகடு வண்டியின் இடது பக்கத்தில் முன்பகுதியில் ஒட்டியிருக்கும். அலமாரிக்கு வர்ணம் பூசுவதற்கு முன்பே, தொட்டி நிறைந்திருக்கும்போது ஒரு முறையும் காலியாக இருக்கும்போது ஒரு முறையும் நிறுத்துப் பாருங்கள். வர்ணம் உலர்ந்த பிறகு அலமாரியை இடம் மாற்ற எவருக்கும் மனம் வருவதில்லை.