ஹொர்த்தோபாஜ்: மேய்ப்பர் காத்த புல்வெளி

ஹங்கேரி நாட்டின் கிழக்குப் பகுதியில், டெப்ரட்சென் நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால், ஹொர்த்தோபாஜ் என்னும் சிற்றூரை அடையலாம். ஊரருகே ஒன்பது வளைவுகள் கொண்ட கற்பாலம் ஒன்று உள்ளது. 1833-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அப்பாலத்தின்மீது நின்று நோக்குபவருக்குக் குன்றென்று சொல்ல ஒன்றும் தென்படாது. புல்லும் வானமுமே தெரியும். இடையிடையே நெடிய மரத்தண்டு ஒன்று வானத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கும். அஃது இன்னதென்று நம்மவர் யாரும் கேட்க வேண்டுவதில்லை. அது நம் ஏற்றமேதான். ஆயினும் அங்கே மரத்தின்மீது ஆள் ஏறி மிதிப்பதில்லை. பின்முனையில் கட்டிய பாரமே வாளியைத் தூக்குகிறது. மேடு பள்ளமற்ற வெளியில் ஏற்றத்தண்டு நெடுந்தூரம் தெரியுமாதலால், அதனைச் சாய்த்து வைக்கும் விதத்தாலேயே மேய்ப்பர் ஒருவருக்கொருவர் செய்தி அறிவித்ததும் உண்டு.

இவ்வெளி 1973-ஆம் ஆண்டில் ஹங்கேரியின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர். 1999-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபொழுது, காட்டு விலங்குகளின் இருப்பிடம் என்ற முறையில் அன்று, மனிதர் வாழ்ந்து உருவாக்கிய நிலக்காட்சி என்ற முறையிலேயே சேர்த்தது. இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், பூங்காவின் வரலாறு முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

முதலில் மண்ணைக் காண்போம். ஹங்கேரியர் இவ்வெளியைப் 'புஸ்டா' என்பர். வெறுமை என்பது அச்சொல்லின் பொருள். ஆண்டு மழை 500 மில்லிமீட்டரை ஒட்டியது. சோடிய உப்புகள் கலந்த நிலத்தடி நீர் மேலேறி ஆவியாகும்போது, சோடியம் களிமண் துகள்களைப் பற்றிக்கொள்கிறது. மழை பெய்தால் அம்மண் உப்பி நீரை உள்ளே விடாது. காய்ந்தாலோ பிளந்து கல்லாகும். நம் வெளிக்கள ஊழியர் களர் நிலம் என்று அறிவது இதனையே. இத்தகைய மண்ணை முறைப்படி ஆராய்ந்து வகைப்படுத்தியவர்களில் முன்னோடி, ஹங்கேரிய அறிஞர் எலெக் ஷிக்மோண்ட் (1873–1939).

இக்களர் எப்படி வந்தது என்பதில் ஒரு கட்டுக்கதை நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றிருந்தது. 1846-இல் தொடங்கி டிஸா ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கி, கரை கட்டினார்கள். அதனால் வெள்ளம் பரவுவது நின்று வளமான நிலம் பாழாயிற்று என்பது அக்கதை. ஆற்றுச் சீரமைப்பு நிலத்தை மேலும் வறட்சியாக்கியது உண்மையே. ஆனால் மண்ணடுக்குகளில் புதைந்த மகரந்தத்தையும் நத்தை ஓடுகளையும் ஆராய்ந்தவர்கள், இக்களர் வெளி பனியூழிக் காலத்தின் இறுதியிலேயே தோன்றிவிட்டது என்று காட்டியுள்ளனர். மனிதன் கெடுத்த நிலமன்று இது, இயற்கையிலேயே இத்தகையது. ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எடுத்துரைக்கலாம்.

களர் வெளியில் ஒரு சாணுக்கும் குறைந்த உயர வேறுபாடு புல்லின் இனத்தையே மாற்றிவிடும். மேட்டில் குட்டைப் புல்லும் மாசிப்பத்திரி இனத்துச் செடியும். அரையடி கீழே உப்பைத் தாங்கும் சில பூண்டுகள். அதற்கும் கீழே கோடை வரை நீர் தேங்கும் சதுப்பு. எந்தத் துண்டு எப்பொழுது மேய்ச்சலுக்கு ஏற்றது, எது மழைக்குப்பின் கால்நடையின் குளம்பைத் தாங்காது என்பவற்றை மேய்ப்பர் பெயரிட்டு வழங்கி வந்துள்ளனர். தாவரவியலார் ஸோல்ட் மோல்னார் இவர்களுடன் அமர்ந்து அவ்வறிவைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். அவர் பதிவுசெய்த மேய்ப்பரின் நிலப்பிரிவுகள் தாவரவியல் நூற்பிரிவுகளுடன் பெரிதும் ஒத்துப்போகின்றன.

மேய்ப்பரிடையேயும் படிநிலை உண்டு. குதிரை மேய்க்கும் சிக்கோஷ் முதல்வன். அடுத்து மாடு மேய்க்கும் குயாஷ். பின்னர் ஆடு மேய்ப்பவன். கடைசியில் பன்றி மேய்ப்பவன். குயாஷ் கொப்பரையில் சமைத்த இறைச்சிக் குழம்பே 'கூலாஷ்' என்ற பெயரில் உலகெங்கும் சென்றது. மந்தைக்குக் காவலாகக் கொமொண்டோர் என்ற சடைமுடிப் பெருநாயும், மந்தையைத் திருப்பப் 'புலி' என்று பெயர் கொண்ட சிறு நாயும் உண்டு. (நம் காட்டுப் புலிக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) நீண்ட கொம்புடைய ஹங்கேரியச் சாம்பல் மாடு, திருகிய கொம்புகள் நேராக நிற்கும் ராட்ஸ்கா செம்மறியாடு, சுருள்மயிர் மங்கலிட்ஸா பன்றி ஆகியன உள்நாட்டு இனங்கள்.

சுற்றுலா வருவோருக்கு நீலச் சட்டை அணிந்த சிக்கோஷ் இரு குதிரைகளின் முதுகில் நின்றவாறு, முன்னே மூன்றை ஓட்டிக்காட்டுவார். காண வியப்பே; ஆனால் பழமையானதன்று. ஆஸ்திரிய ஓவியர் லுட்விக் கோக் கற்பனையில் தீட்டிய படத்தைப் பார்த்து, இருபதாம் நூற்றாண்டில்தான் இதனைச் செய்து பழகினர். உண்மையான தொழில்நுட்பம் அவருடைய சேணத்தில் உள்ளது. வயிற்றுப் பட்டை இல்லாத அச்சேணத்தை நொடியில் குதிரைமீது வீசி ஏறலாம். அதனைப் பார்வையாளர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

மேய்ச்சல் புல்வெளிக்குச் செய்யும் பணியை ஒரு சிறு பிராணியைக் கொண்டு விளக்கலாம். ஐரோப்பிய நில அணில் வளையின் வாயிலில் நிமிர்ந்து நின்று பகையைப் பார்க்கும் பழக்கமுடையது. புல் குட்டையாயிருந்தாலன்றி அதற்குப் பார்வை எட்டாது. மந்தை விலகிப் புல் உயர்ந்தால் அணில் அவ்விடத்தை விட்டு மறைகிறது. அதனை இரையாகக் கொள்ளும் சேக்கர் வல்லூறும் இரையை இழக்கிறது. நம் நாட்டுக் கானமயிலின் உறவான பெருங்கானமயில் ஆண்களும் திறந்த வெளியிலேயே இறகை விரித்து ஆடுகின்றன.

ஆகவே மந்தை குறைவது பூங்காவுக்கு நேரடியான ஆபத்து. அவ்வாபத்து இருமுறை வந்தது. 1960-களில் சாம்பல் மாடு ஏறக்குறைய ஆறு காளைகளும் இருநூறு பசுக்களுமாகச் சுருங்கியது. உழவுக்கு இயந்திரம் வந்தபின், பாலும் குறைவாகக் கொடுக்கும் மாட்டை எவரும் வளர்க்க விரும்பவில்லை. அரசுப் பண்ணைகள் காத்த அச்சிறு தொகையிலிருந்தே இன்றுள்ள ஆயிரக்கணக்கான மாடுகள் பெருகின. இரண்டாவது, 1989-க்குப் பின் கூட்டுறவுப் பண்ணைகள் கலைந்தபொழுது நேர்ந்தது. கால்நடைத் தொகை திடீரெனச் சரிந்தது; பூங்கா நிர்வாகமே மந்தைகளை வைத்து மேய்க்க வேண்டியதாயிற்று. மாடு வாங்கிவிடலாம், ஆண்டில் பாதி வெட்டவெளியில் இருக்க இசையும் இளைஞரைக் கண்டுபிடிப்பது அதனினும் கடினம்.

நம் நாட்டிலும் இதற்கிணையான அனுபவம் உண்டு. இராஜஸ்தானத்துப் பரத்பூரில் கேவலாதேவ் பறவைப் பூங்காவுக்குள் எருமை மேய்ச்சல் 1982-இல் தடைசெய்யப்பட்டது. சுற்றுப்புறக் கிராமத்தார் எதிர்த்தனர். துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. மேய்ச்சல் நின்றபின் நீர்ப்புல் அடர்ந்து ஏரிப்பரப்பை மூடியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980-களில் அங்கு நடத்திய பத்தாண்டு ஆராய்ச்சி, எருமைகளே அப்புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்தன என்றும், தடை பறவைகளுக்கு நன்மை செய்யவில்லை என்றும் கண்டது. பின்னர் கிராமத்தார் உள்ளே சென்று புல் அறுக்க அனுமதிக்கப்பட்டனர். நல்லெண்ணத்தோடு இட்ட தடைதான் அது. ஆனால் ஏரிக்கு எருமை செய்துவந்த வேலையை எவரும் முன்கூட்டி அளந்து பார்க்கவில்லை.

இதனால் எங்கும் மந்தையை அவிழ்த்துவிடலாம் என்று கொள்ளுதல் தவறு. ஹொர்த்தோபாஜிலும் மிகை மேய்ச்சல் மண்ணைக் கெடுக்கும். பென்டெஸுக் என்னும் பகுதியில் மேய்ப்பர் எவருமின்றி, 1997 முதல் பிரஷேவால்ஸ்கி காட்டுக் குதிரைகளை விட்டு, அவை தாமே புல்வெளியை எவ்வாறு பேணுகின்றன என்று ஆராய்கின்றனர். முன்னர் நீர்ப்பாசனத்திற்கு வெட்டிய வாய்க்கால்களையும் கரைகளையும் பல இடங்களில் நிரவி, மழைநீர் பழைய தாழ்நிலங்களில் தங்கச் செய்துள்ளனர். களர் நிலத்தைத் திருத்திப் பயிரிடும் பெருமுயற்சி இந்தியாவில் தேவையாயிற்று. கர்னாலில் 1969-இல் நிறுவப்பெற்ற மைய ஆராய்ச்சி நிலையம் ஜிப்சம் இட்டு அதனைச் சாதித்தும் காட்டியது. ஹொர்த்தோபாஜிலோ திருத்தாமல் விட்ட களரே செல்வமாகியுள்ளது.

பூங்காவைக் காண ஏற்ற பருவம் அக்டோபர். மரபின்படி மந்தைகள் ஏப்ரல் 24-ஆம் நாள், புனித ஜார்ஜ் திருநாளில் வெளிக்குச் சென்று, அக்டோபர் 26-ஆம் நாள் தொழுவம் திரும்பும். அதே வாரங்களில் வடக்கிலிருந்து சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் வந்து இறங்குகின்றன. சில ஆண்டுகளில் அவற்றின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியதுண்டு. பகலில் மக்காச்சோள அரிதாள் வயல்களில் இரை தேடும். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து வெட்டப்பட்ட மீன்குளங்களில், மீன் பிடிப்பதற்காக அப்பருவத்தில் நீரை வடிப்பர். முழங்கால் நீர் எஞ்சிய அக்குளங்களில் நரி நெருங்க இயலாதாகையால், இரவில் அங்கே நின்று உறங்கும். மாலையில் கூட்டங்கூட்டமாக அவை குளத்துக்குத் திரும்புகையில், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவற்றின் குரல் கேட்டுவிடும்.