தண்ணீரில் வெள்ளியை எண்ணுதல்

9ஆம் நூற்றாண்டில் அப்பாசிய ஈராக்கின் குயவர்கள் ஆக்கிய மெருகுப் பாண்டங்களின் பொன்னொளிக்கு, மேற்பூச்சில் பொதிந்த வெள்ளி, செம்பு நானோ துகள்களே காரணமாகும். அவை பூச்சினுள் சிறைப்பட்டே கிடந்தன. இன்றோ, நாற்றம் நீக்குவதற்காகக் காலுறைகளிலும் சுவர்ப் பூச்சுகளிலும் சேர்க்கப்படும் வெள்ளித் துகள்கள் சலவை நீரோடும் மழைநீரோடும் வெளியேறுகின்றன. அவற்றை அளப்பது நாம் எண்ணுவதுபோல் எளிதன்று.

நீரில் உலோகத்தை அளப்போர் முதலில் 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வில் வடிகட்டுவர்; இறங்கியதைக் 'கரைந்தது' எனக் கொள்வர். 100 நானோமீட்டருக்கும் சிறிய துகளோ 450 நானோமீட்டர் துளையில் தடையின்றி நுழைந்து, கரையாமலேயே கரைந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். பின்னர் மாதிரி கெடாதிருக்க நைட்ரிக் அமிலம் சேர்ப்பர். அதில் வெள்ளித் துகள் உண்மையாகவே கரைந்துபோகும்! மொத்த எடை சரியாகவே கிடைக்கும், உருவம் தொலைந்துவிடும். உருவத்தில்தான் செய்தி இருக்கிறது. வெள்ளி அயனி மீன்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு. சாக்கடையில் கந்தகத்தோடு கூடி வெள்ளி சல்பைடு ஆனபின் அது ஏறக்குறைய கரைவதே இல்லை, நஞ்சும் பெரிதும் தணிகிறது.

இச்சிக்கலுக்கு 2000க்குப் பின் வளர்ந்த தீர்வு, துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் முறை. மிகவும் நீர்த்த மாதிரியைத் தூவலாக்கிச் சுமார் 7,000 பாகை வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் செலுத்துகின்றனர். கரைந்த வெள்ளி இடையறாத மெல்லிய சமிக்ஞை தரும். துகளோ ஒரு மில்லிநொடிக்கும் குறைவாகத் துடித்து மறையும். துடிப்புகளின் எண்ணிக்கை துகள்களின் எண்ணிக்கையையும், உயரம் ஒவ்வொன்றின் எடையையும் உணர்த்தும். தூவலில் நூற்றுக்குச் சில பங்கே பிளாஸ்மாவை எட்டுவதால், அளவு தெரிந்த தங்கத் துகள்களைக் கொண்டு அப்பங்கை முன்னரே கணித்துக்கொள்ளல் வேண்டும். இதில் பிழைத்தால் எண்ணிக்கை முழுவதும் பிழையே.

விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகும். 20 நானோமீட்டர் வெள்ளித் துகளில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் அணுக்களே உள்ளன. அதனினும் சிறியவை பெரும்பாலும் பின்னணி இரைச்சலில் மூழ்கிவிடுகின்றன. இக்கருவி வெள்ளியை மட்டுமே காண்கிறது, உடன் உள்ள கந்தகத்தைக் காண்பதில்லை என்பதும் நம் கருத்தில் பெருங்குறை. அதனைக் காட்ட மின்னணு நுண்ணோக்கியே துணை.

டைட்டானியத்தில் இடர் வேறு: மண்ணிலேயே அது மிகுதி. வியன்னாவின் பழைய டான்யூப் ஏரியில், குளிப்போர் பூசும் வெயில் களிம்பின் டைட்டானியத்தை ஆய்வாளர்கள் தேடினர். முடிவுகள் 2014இல் வெளிவந்தன. மண்ணின் டைட்டானியம் நியோபியம் முதலிய தனிமங்களோடு சேர்ந்தே வரும். களிம்பினதோ தனித்து வரும். கோடையில் அவ்விகிதம் சற்றே உயர்ந்திருக்கக் கண்டனர்.