அருவி என்னும் வேலி

ஓடை நிறைய மீன் இருந்தும் ஓர் இனம் அழியக்கூடுமோ? கூடும், நேயர்களே! ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் வடக்கே அதர்ட்டன் என்னும் மேட்டுநிலம் உள்ளது. அதன் குளிர்ந்த சிற்றோடைகளில் வாழ்வது, விரல் நீளமே உள்ள மலாண்டா வானவில் மீன். தாழ்நில ஆறுகளில் வாழ்வதோ அதன் உறவினமாகிய கிழக்கத்திய வானவில் மீன், உருவில் பெரியது. அருவியும் நீரின் குளிர்ச்சியும் இவ்விரண்டிற்கும் இடையே வேலியாய் நின்றன.

இன்று பெரிய மீன் மேட்டுநிலத்திலும் பரவியுள்ளது. மனிதர் மீன்களை இடம் மாற்றி விட்டதும், நீர் வெப்பமடைவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஈரினமும் கலந்து பிறக்கும் குஞ்சுகள் மலடல்ல. ஆதலின் தலைமுறைதோறும் கலப்பு பெருகுகிறது. மீன் குறைவதில்லை, தூய மலாண்டா இனமே குறைகிறது. ஓராற்று மீனை வேற்றாற்றில் விடுமுன் இதனை எண்ணுதல் நலம்.